மரத்தில் பூசிய திருநீறு

அன்புள்ள அம்மாவுக்கு ரூபினியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

ராவாங் டவுன் இரைச்சலும் வாடகை அறையும் பிடிக்காமல் ஞாயிறன்று மரப்பூங்காவுக்குப் போனேன். நம் தோட்டத்துச் செம்பனைபோல மரங்கள் நிரையாக நிற்கும், நேரே நடந்தால் ரோடு வந்துவிடும் என்று நினைத்தேன். அங்கே நிரையே இல்லை. வழி தவறி, நீங்கள் கொடுத்த முனியாண்டி கோயில் திருநீற்றை அடையாளத்துக்கு மரங்களில் பூசிக்கொண்டே போனேன். பூசிய மரத்திடமே திரும்ப வந்து நின்றபோது, யாராவது இருக்கிறீர்களா என்று கத்தினேன். காவலாளி வந்து, "பயப்படாதம்மா, கேட் ஒனக்குப் பின்னாலதான்லா இருக்கு" என்றார். இருவரும் சிரித்தோம்.

திருநீறு தீர்ந்துவிட்டது. அண்ணனிடம் கொடுத்தனுப்புங்கள். கூடவே ஒரு தாழ்ப்பாளும் வாங்கி வரச் சொல்லுங்கள். ராத்திரியில் யாரோ என் அறைக் கதவைத் தள்ளிப் பார்க்கிறார்கள். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

வேலைக்கு பஸ் வந்துவிட்டது. தாழ்ப்பாள் கனமானதாக இருக்கட்டும், அம்மா.

ரூபினி