பால் வற்றுவதற்கு

ஜூன் 12
டாக்டர் அஃப்சருன்னிசா ஸ்கேன் படத்தைக் காட்டினார். மூளைக்கு அடியில் அரைநெல்லிக்காய் அளவு கட்டி. மார்பில் பால் கசிவது அதனால்தானாம். "ஆபரேஷன் வேணாம்மா. வாரத்துக்கு ரெண்டு மாத்திரை, சுருங்கிடும். கண் நரம்பை அமுக்குது, தள்ளிப் போடாதீங்க."

எதிலிருந்து எடுக்கிற மருந்து என்று கேட்டேன். எர்காட் என்றார்.

ஜூன் 13
இருபது வருடமாகக் கல்லூரியில் நான் நடத்துகிற பாடம். கதிரில் மணி பிடிக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக வளரும் பூஞ்சை. தின்றால் விஷம். பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்துகிற மருந்தும் அதிலிருந்துதான். தீவனத்தில் கலந்துவிட்டால் மாட்டுக்கு மடி வற்றும் — சிரித்துக்கொண்டே சொல்வேன்.

ஜூன் 19
லஸ் முனையில் பக்கவாட்டில் வந்த ஆட்டோ தெரியவில்லை. "யம்மா, வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?"

மாத்திரையைப் பிரிக்கவில்லை. நிரஞ்சனிடம் போட்டுக்கொண்டதாகச் சொன்னேன். "சமத்து" என்றார். கல்யாணமாகி, ஒரு குழந்தைக்காக இவரும் நானும் எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை ஊசி. நாற்பத்துநாலில் கேட்காமல் வந்த பால். யாருக்கும் ஆகாது. இருக்கட்டுமே, இன்னும் கொஞ்ச நாள்.

ஜூன் 22
கீழ்வீட்டு டயானா குளிக்கப் போகும்போது ஆஷாவைக் கொடுத்தாள். நாலு மாதக் குழந்தை. என் மார்பில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தேடியது.

"இன்னாக்கா, உன்கிட்ட இன்னா கீதுன்னு இப்டி மோப்பம் புடிக்குது?"

ஒன்றுமில்லை என்றேன். ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது.

ஜூன் 29
ஆஷாவை நானே கேட்டு வாங்கி மாடிக்குத் தூக்கி வந்தேன். எதற்கு? எழுதமாட்டேன்.

வாசல் நிலைக்கால் தெரியவில்லை. நங்கென்று குழந்தையின் தலை. ஐயோ, அந்த அலறல்.

டயானா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். "கண்ணு எங்கக்கா கீது உனக்கு?"

வீக்கம் மட்டும்தான், பயமில்லை என்று குழந்தையைப் பார்த்த டாக்டர் சொன்னாராம். நிரஞ்சனிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன் — ஒண்ணுகூடப் போட்டுக்கலை, பொய் சொன்னேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "இப்போ போட்டுக்கோ. நான் பாத்துண்டிருக்கேன்."

ஜூலை 20
இடது பக்கம் நின்றுவிட்டது. வலதில் அழுத்தினால் ஒரு சொட்டு.

ஆகஸ்ட் 3
அதுவும் இல்லை.

ஆகஸ்ட் 24
டயானா மாடிக்கு வந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு. "கொஞ்ச நேரம் புடிக்கா, அரிசி வச்சிட்டு வந்துர்றேன்."

வாசலின் இரண்டு பக்கமும் தெரிந்தது. நடுவில் தூக்கிக்கொண்டு வந்தேன். ஆஷா என் தோளில் சாய்ந்துகொண்டாள். எதையும் தேடவில்லை. படியில் டயானாவின் குரல் கேட்டதும் இரண்டு கையையும் நீட்டினாள்.

கொடுத்தேன்.