இருபதாவது விதியும் ஒரு வாய் வெற்றிலையும்

மாப்ளே,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீ வக்கீல் ஆவாய், திண்டுக்கல் கோர்ட்டில் உன் படத்தை மாட்டுவார்கள் என்றேன். இம்புட்டுச் சீக்கிரம், ஒரு காய்ச்சலுக்குப் பின்னால், மாலை போட்டு மாட்டுவார்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

காலையில் உன் அம்மா, என் அக்கா, டிரங்குப் பெட்டியிலிருந்து உன் கறுப்புக் கோட்டை எடுத்து உதறினாள். வீடு முழுக்கப் பாச்சை உருண்டை வாசம். "நாளைக்குப் படத்திறப்புல நீதான்டா பேசணும்" என்றாள். அப்போதிருந்து சோறு இறங்கவில்லை. அத்தனை வக்கீல்களுக்கு முன்னால் நான் என்னத்தைப் பேச? நாம் ரெண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷனில் நின்ற கதையைத்தான் சொல்லலாம் என்றிருக்கிறேன். முதலில் நீ கேட்டுக்கொள்.

அந்த வருஷம் நீ பட்டணத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தாய், லீவுக்கு வந்திருந்தாய். அடுத்து அரசியல் சட்டப் பரீட்சை. கொல்லையில் நடந்து நடந்து மனப்பாடம் செய்வாய். நான் அஞ்சாம் வகுப்பைப் பாதியில் விட்டவன்; ஆனாலும் வேப்பங்குச்சியோடு நின்று கேட்டே முக்கால்வாசி எனக்கு வந்துவிட்டது.

"போலீசுக்கும் மேல ஒரு சட்டம், மாமா. அரசாங்கமே ஆனாலும் இதைத் தாண்டக் கூடாது" என்றாய்.

"அப்ப தாசில்தாரு?"

"அவரும்தான்."

"எங்கக்கா?"

"அம்மாவுக்கு இது செல்லாது, மாமா."

அந்த வாரம்தான் சாணார்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய் மதகு திறந்துகொண்டு நெல் வயலெல்லாம் முழுகிப்போனது. பேகம்பூர் டீக்கடையில் ஆளாளுக்கு அதையே பேசினார்கள். நான் சும்மா இருப்பேனா? "மதகுப் பலகையை ஒத்தைக் கையால தூக்குனது யாரு? ஐயாதான்!" என்று விட்டேன். அந்தக் கண்மாய்ப் பக்கம் நான் போயே வருஷக்கணக்கு ஆகியிருந்தது. டீ ஆறுவதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. வாக்குமூலம் எழுத உட்கார்ந்தார். சேதி கேட்டு நீ சைக்கிளை மிதித்து மூச்சு வாங்க வந்தாய். என் காதோரம், "மாமா, உங்களுக்கு எதிரா நீங்களே சாட்சி சொல்ல வேண்டியதில்லை. அரசியல் சட்டத்துல இருபதாவது விதி. செத்த நேரம் வாயைத் திறக்காதீங்க" என்றாய்.

யாரிடம் சொல்கிறாய்! பேசினால் ஜெயில். உன்னையும் பிடித்து உள்ளே போட்டால் படிப்பு போச்சு, அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன்? என் வாய் சும்மா இருக்காது என்று உனக்கும் தெரியும். என் மடியிலிருந்த பொட்டலத்தை உருவி, வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாவற்றையும் சுருட்டி என் வாயில் திணித்துவிட்டாய்.

வெற்றிலை வாயோடு அதிகாரிக்குப் பதில் சொல்வது மரியாதையில்லை. "யோவ், ஒத்தைக் கையாலயா தூக்குன?" என்றார் எஸ்.ஐ. ரெண்டு விரலால என்று சொல்ல நாக்கு துடித்தது. "துப்பிட்டு வந்து சொல்லுய்யா!" என்று கத்தினார். துப்பினால் பேச வேண்டும். புகையிலைச் சாற்றை அப்படியே முழுங்கினேன், ஸ்டேஷனே சுற்றியது. அப்போதுதான் நீ மேஜைக்கு முன்னால் போய் நின்று, இருபதாவது விதியை இங்கிலீஷில் முழுசாக ஒப்பித்தாய். எஸ்.ஐ. பேனாவை மூடினார். கான்ஸ்டபிள்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

பொழுது சாய, கண்மாய் இருக்கிற ஊர் மணியக்காரர் வந்தார். மதகுப் பலகை இற்றுப்போய்த் தானாக உடைந்ததாம். "போய்யா, உனக்கு வாய்தான்யா சனியன்" என்று என்னை விட்டுவிட்டார்கள்.

நாளைக்கு இப்படித்தான் பேசுவேன். உன்னிடம் எதுக்கு மறைக்க, மாப்ளே? நீ இங்கிலீஷில் ஒப்பித்ததும், அதைக் கேட்டு எஸ்.ஐ. பேனாவை மூடியதும், கான்ஸ்டபிள்கள் எழுந்து நின்றதும் மட்டும் நான் சேர்த்தது. "யாருடா நீ?" என்று எஸ்.ஐ. கேட்டதுமே உனக்கு எல்லாம் மறந்துபோனது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "வெளிய போ" என்றார். நீ போகவில்லை. மறுபடியும் சொன்னார். என் பக்கத்தில் வந்து, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மணியக்காரர் வரும் வரைக்கும் அப்படியே நின்றாய். வலிக்க வலிக்கப் பிடித்திருந்தாய். அந்தப் பிடி இன்னும் இருக்கிறது. அதை வைத்துத்தான் நாளைக்கு மேடையில் நிற்க வேண்டும்.