கப்பல்கள் நிற்கும்வரை பயமில்லை

ஹைபோங், வட வியட்நாம், 26 மார்ச் 1972

என் சுயெனுக்கு,

நான் சௌக்கியம். சிமென்ட் ஆலை வழக்கம்போலப் புகைகிறது. காயப்போட்ட சட்டையை உதறினால் ஒரு சுவரே பூசலாம். நீயும் டியெப்பும் இன்னும் எத்தனை நாள் அடுத்தவர் வீட்டில் ஒண்டியிருப்பீர்கள்? குண்டுவீச்சு நின்று நான்கு வருடமாகிறது. ஊரே திரும்பிவிட்டது. துறைமுகத்தில் வரிசையாக ரஷ்யக் கப்பல்கள் நிற்கின்றன. அவை நிற்கும்வரை அமெரிக்காக்காரனுக்கு இங்கே குண்டு போடத் துணிச்சல் வராது. தினமும் அவற்றிலிருந்து சரக்கு இறக்குகிறவன் சொல்கிறேன், நம்பு. குழந்தையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வந்துவிடு.

உன் டோவான்

வின்பாவ் கிராமம், 3 ஏப்ரல்

டியெப்பின் அப்பாவுக்கு,

கப்பலைக் கண்டால் உங்களுக்குத் தலைகால் புரியாது! நாற்பத்தாறில் உங்கள் அப்பாவைக் கொன்றது பிரெஞ்சுக் கப்பலின் பீரங்கிதானே? எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டுக்கார அக்காவோ, “புருஷன் கூப்பிட்டும் இங்கேயே ஒட்டிக்கிட்டிருக்கியேடி!” என்று கேலி செய்கிறாள். நீங்களே யோசித்து எழுதுங்கள். வராதே என்றால் வரமாட்டேன். பதினான்காம் தேதிவரை பதில் இல்லையென்றால் கிளம்பிவிடுவேன்.

சுயென்

ஹைபோங், 11 ஏப்ரல்

சுயென்,

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. வராதே! நேற்று தெற்கே வின் நகரத்தில் அமெரிக்காக்காரன் குண்டு போட்டுவிட்டான். இங்கேயும் வேவு விமானம் வந்து போகிறது. “பிள்ளைங்க ஒண்ணுகூட ஊருல இருக்கக் கூடாது” என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். கப்பலைப் பற்றி நான் எழுதியது முட்டாள்தனம். உன் காலில் விழுகிறேன், குழந்தையோடு அங்கேயே இரு.

டோவான்

வின்பாவ், 15 ஏப்ரல், காலை

டியெப்பின் அப்பாவுக்கு,

நேற்று இருட்டும்வரை தபால்காரருக்காகக் காத்திருந்தேன். “மூணு நாளா அங்கேருந்து வர்ற ஆத்துப் படகுல பட்டாளம்தான் ஏறுது. தபால் பை அக்கரையிலயே கெடக்கும்மா” என்றார். உங்கள் கடிதம் அதில் இருக்கலாம். இருந்தால் என்ன, ‘சீக்கிரம் வா’ என்றுதான் எழுதியிருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

திரும்பிப் போகும் படகு காலிதானாம்; இதை நெல் லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். நாங்கள் சைக்கிளில் பின்னாலேயே வருகிறோம், சாயங்காலம் வீட்டில் இருப்போம். டியெப்புக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவிடம் காட்ட வேண்டுமாம்; வாயை மூடாமல் சிரித்துக்கொண்டே நிற்கிறாள். நான் பயந்ததெல்லாம் போகட்டும். எனக்கும் உங்களைப் பார்க்க வேண்டும்.

நாளை ஞாயிறு. உங்களுக்கும் வேலை இல்லை. விடிந்த பிறகும் மூன்று பேரும் எழுந்திருக்காமல் தூங்கலாம்.

உங்கள் சுயென்

(1972 ஏப்ரல் 16, ஞாயிறு, விடியுமுன் அமெரிக்க விமானங்கள் ஹைபோங் மீது குண்டு வீசின.)