மூன்று முறை டிக்கெட் வாங்கியவள்

அன்பு மகன் முகுலுக்கு அம்மா ஆசியோடு எழுதுவது. ஆக்ராவில் நாங்கள் இருவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். எனக்கு மனசுதான் இருப்புக் கொள்ளவில்லை. போன் செய்தால் துண்டித்துவிடுகிறாய், கடிதத்தைத் துண்டிக்க முடியாதே என்று உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. கூலர் மறுபடி மக்கர். அனல் காற்று ஆரம்பித்தாயிற்று, கோட்டையின் அமர்சிங் வாசலில் சிவப்புக் கல் காலையிலேயே அடுப்பு மாதிரி கொதிக்கிறது, அங்கே நின்றுகொண்டுதான் பெண்கள் வரிசையில் ஒவ்வொருத்தியாய்த் தடவிச் சோதித்து உள்ளே அனுப்புகிறேன்.

போன வாரம் ஒரு பெண் வந்தாள். துப்பட்டாவுக்குள் வயிறு மேடாக இருந்தது. உள்ளே தின்பண்டம் கொண்டுபோக விடமாட்டோம், உனக்குத் தெரியும். "என்னம்மா, பூரி மூட்டையா?" என்று கை வைத்துவிட்டேன். "ஏழாம் மாசம், அம்மாஜி" என்றாள். என்னோடு வேலை பார்க்கும் ரஸியா சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது. இரண்டு நாள் கழித்து அவள் மறுபடி வந்தாள். நேற்றும் வந்தாள், தனியாக, கண்ணெல்லாம் வீங்கி. "இந்த வெயில்ல, இந்த உடம்போட, கோட்டையில உனக்கு அப்படி என்னடி வேலை?" என்று கேட்டேன். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. யமுனைப் பக்கத்து மாடங்கள் எவ்வளவு உயரம்! அங்கிருந்து குதித்துத் தொலைத்தால்? தில்லி வாசல் ராணுவத்திடம் இருக்கிறது, ஆக உள்ளே போனவள் என் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அவளுக்குப் பின்னால் போனவர்களெல்லாம் வந்தாயிற்று, இவளைக் காணோம். எட்டிப் பார்க்கலாமென்றால் வாசலைத் தாண்டியதும் வழி சடாரென்று திரும்பிவிடுகிறது. எதிரியின் யானை வேகமெடுக்கக் கூடாதென்று அப்படிக் கட்டினார்களாம், கட்டிய மகராசனை வாயார வைதேன். கடைசியில் வரிசையை ரஸியாவிடம் விட்டுவிட்டு ஓடினேன். "அக்கா, வேலை போயிடும்!" என்று கத்தினாள். போகட்டும் என்று ஓடினேன்.

ரொம்ப தூரம் ஓட வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது வாசலுக்கு அப்பால், ஏற்றம் தொடங்கும் இடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். "நான் மேல போனதே இல்ல அம்மாஜி, ஒவ்வொரு தடவையும் இங்கேயே உக்காந்துட்டுத் திரும்பிடுவேன்" என்றாள். பின்னே எதற்கு டிக்கெட் வாங்கித் தொலைக்கிறாய் என்று கத்தினேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கல்யாணத்தை உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு முகுல் சத்தியம் வாங்கிக்கிட்டாரு. உங்க கை எங்க ரெண்டு பேர் மேலயும் படக் கூடாதுன்னு சொல்லலையே."

அந்த நேரம் நீ எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். ஃபிரோசாபாத் சம்பந்தத்தை நான் பேசி வைத்துவிட்டேன் என்று பயந்தாயாம், அதனால் வயிற்றுப் பிள்ளைக்காரியை என் ஊரிலேயே அவள் சிநேகிதி வீட்டில் ஒளித்து வைத்தாயாம். நான் என்ன புலியா? பிரதிபா இப்போது நம் வீட்டில், என் கட்டிலில் தூங்குகிறாள். உன் அப்பா தர்பூசணி வெட்டி வைத்துக்கொண்டு அவள் எப்போது எழுவாள் என்று காத்திருக்கிறார். அவளைக் கடிந்துகொள்ளாதே, நீ சொல்லியிருக்க வேண்டியதைத்தான் அவள் சொன்னாள். உடனே லீவு கேட்டு வந்து சேர். முதலில் என்னிடம் திட்டு வாங்கு, அப்புறம் சாப்பிடலாம்.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். என் பேரப்பிள்ளையை இந்தக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நகரு நகரு, அடுத்த ஆள் வா" என்று தள்ளி அனுப்பியிருக்கிறேனடா. நினைக்க நினைக்க ஆறவில்லை.

உன் அம்மா,
ஊர்மிளா