அறுக்காத பக்கத்திலிருந்து நான் படித்த தீர்ப்பு

என் செல்ல மருமகனே தங்கராசு,

உன்னைக் கொண்டுபோன காய்ச்சல் அங்கேயாவது விட்டிருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். நீ போய் இரண்டு நடவு முடிந்துவிட்டது. பாகூர் ஏரி நிரம்பிக் கிடக்கிறது. நம் கரும்பு இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறது. சரி, என் தோள் உயரம். உன்னிடம் கூட்டிச் சொல்லி என்ன ஆகப்போகிறது? எனக்கு அலுத்துவிட்டதப்பா.

உன் மகள் தையல்நாயகிக்கு மூன்று வயது. அவள் உன் அம்மாவிடம் இருக்கிறாள். உன் மனைவி அஞ்சலை சுத்துக்கேணியில் தன் பிறந்த வீட்டில் இருக்கிறாள். தாய் ஒரு ஊர், பிள்ளை ஒரு ஊர் என்று ஆனதற்கு நான்தான் காரணம். வேறு யார் வாயிலாகவாவது கேட்டு நீ நம்பாமல் போவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரி காலேஜில் நீ சட்டம் படித்தபோது ஒரு தடித்த பிரெஞ்சுப் புத்தகம் கொண்டுவந்தாயே, கல்யாணம், குடும்பம், உறவுமுறை எல்லாம் அதில் இருக்கிறது என்று? கல்யாணத்துக்கு எதற்கடா புத்தகம் என்று கேட்டேன். "வெள்ளக்காரனுக்குச் சொந்தக்காரங்க கம்மி மாமா, அதான் எழுதி வெச்சிக்கிறான்" என்று சிரித்தாய். நீ போன பிறகு உன் பெட்டியிலிருந்து அதை எடுத்து வந்தது நான்தான்.

நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனவன். ஊரில் ஐந்து என்று சொல்லியிருக்கிறேன். கவர்னர் துரை வழி கேட்டார், பிரெஞ்சிலேயே பதில் சொன்னேன் என்றும் சொல்லியிருக்கிறேன். கேட்டது துரையின் வண்டிக்காரன், தமிழில்தான் கேட்டான். ஆனால் அந்தப் புத்தகம் கைக்கு வந்ததும் பார்க்கவேண்டுமே, பண்டசோழநல்லூரிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மாமியார் மருமகள் சண்டை, கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை, எல்லாம் வந்தது. புத்தகத்தை விரித்து விரலை வைத்து என் மனதில் பட்டதைச் சொல்வேன். பாதிப் பேர் சமாதானமாகிப் போனார்கள். அதுவரைக்கும் யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் நினைத்தேன்.

உன் வருஷத் திவசம் முடிந்ததும் அஞ்சலையின் அண்ணன் தங்கையையும் பிள்ளையையும் அழைத்துப்போக வந்தான். உன் அம்மா விடவில்லை. "அவ வேணும்னா போவட்டும். புள்ள எங்க ரத்தம்" என்றாள். பேச்சு முற்றி, பஜனை மடத்தில் பெரியவர்கள் கூடினார்கள். அப்போது யாரோ, ஆறுமுகம் கையில் காலேஜ் புத்தகம் இருக்கிறதே, அதில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் அக்காவும் பார்த்தாள், தங்கராசு. உன்னைப் பறிகொடுத்த முகம் அது.

தீர்ப்பு என்றால் கடைசியில்தான் இருக்கும் என்று புத்தகத்தின் பின்பகுதியை விரித்தேன். தொண்டையைச் செருமினேன். தகப்பன் இறந்தால் பிள்ளை தகப்பன் வீட்டுக்கே சொந்தம் என்று படித்தேன். சொன்னது பலமாக இருக்கட்டும் என்று இன்னொரு தாளையும் திருப்பி, மறுபடி அதையே படித்தேன். பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். அஞ்சலை என் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வண்டி ஏறும்போது என்னிடம் வந்தாள். நீ என்னை மாமா என்று கூப்பிடுவதால் அவளுக்கு நான் தகப்பன் முறை. சித்தப்பா என்றுதான் எப்போதும் கூப்பிடுவாள்.

"சித்தப்பா, நீங்க படிச்ச எடத்துல தாளே இன்னும் அறுக்கல. அவுருக்கு வெத்தல கத்தியால நான்தான அறுத்துக் குடுப்பேன். பாதி பொஸ்தகம் வரைக்கும்தான் அறுத்தோம்."

பிரான்சிலிருந்து வருகிற புத்தகத்தில் தாள்கள் மடிப்பு விடாமல் ஒட்டியே இருக்குமாமே, படிக்கிறவன் அறுத்துக்கொண்டே போகவேண்டுமாமே. எனக்கு எப்படித் தெரியும்? நான் திருப்பியது ஒரு தாள் அல்ல, ஒட்டிக்கிடந்த இரண்டு தாள்.

"மடத்துலயே சொல்றதுதானம்மா" என்றேன்.

"எங்க மாமாவப் பாத்து ஊரு சிரிக்கக் கூடாதுன்னு அவுரு சொல்லுவாரு" என்றாள். அவ்வளவுதான். வண்டி போய்விட்டது.

அப்படியா சொல்வாய் நீ? எத்தனை நாளாக உனக்குத் தெரியும்?

அன்றைக்கே ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எட்டு மாதம் வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு அதே தெருவில் நடந்தேன். அம்மா எங்கே என்று தையல் கேட்டதற்கு, வீராம்பட்டினம் தேர் பார்க்கப் போயிருக்கிறாள், இந்த வருஷம் தேர் மலை மாதிரி, நிலைக்கு வர நாளாகும் என்று அளந்து வைத்தேன். அதற்குப் பிறகு எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் உன் மகள் ஒரு பாவாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாள். போன வாரம் என் விரலைப் பிடித்து, "தாத்தா, தேரு இன்னும் வர்லியா?" என்றாள்.

வாழ்நாள் முழுக்கக் கதை அளந்தவன் நான். அவள் கேட்டதற்கு ஒரு கதையும் அளக்க வரவில்லை.

மறுநாளே புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வில்லியனூர் போனேன். அங்கே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த ஒரு சொல்தா இருக்கிறார். நான் விரல் வைத்த இடத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "இன்னாபா இது, கல்யாணத்துக்கு எத்தினி நாள் முன்னாடி மேரி ஆபீசு கதவுல நோட்டீஸ் ஒட்டணும்னு போட்டிருக்குது. இத எதுக்கு எடுத்தாந்த?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். குழந்தையைப் பற்றி வேறு பக்கத்தில் இருக்கும், அறுத்துத் தேடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் புளுகியதே அதில் அச்சாகியிருந்தால்? அப்போது அந்தப் பிள்ளை வாசலில் நிற்பது சரியாகிவிடுமா? திரும்பி வரும்போது புத்தகம் நெல்மூட்டை மாதிரி கனத்தது. இது கூட்டிச் சொன்னதல்ல.

உன் அம்மாவிடம் நேற்று சொன்னேன். கேட்டுவிட்டு அடுப்பில் எரிந்த விறகை இழுத்து அணைத்தாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "தையலு பாவாடைய எல்லாம் தொவச்சி வெக்கிறேன்" என்றாள். அவளுக்கு இருந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதானே. அவளை என்ன சொல்லித் தேற்றுவேன், நீயே சொல்.

வருகிற வெள்ளிக்கிழமை காலையில் பஜனை மடத்தில் பெரியவர்களைக் கூப்பிட்டிருக்கிறேன். எனக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது, அன்று படித்தது என் வாயிலிருந்து வந்தது என்று சொல்லப்போகிறேன். மடத்து வாசலிலேயே வண்டி நிற்கும். தையலிடம் தேரைப் பற்றிப் பேசமாட்டேன். அம்மாகிட்ட போறோம் என்று மட்டும் சொல்வேன். புத்தகத்தையும் வெற்றிலைக் கத்தியையும் அஞ்சலை கையில் கொடுத்துவிட்டு வருவேன்.

என்னை நீ அறிவாய். வெள்ளிக்கிழமைக்குள் பேச்சை மாற்றினாலும் மாற்றுவேன். அதனால்தான் இதை நோட்டீஸாக அச்சுக்குக் கொடுக்கிறேன். நான் வாய் குழறினால் யாராவது இந்தத் தாளை என் முகத்துக்கு நேரே நீட்டட்டும். ஊர் சிரிக்கட்டும், தங்கராசு. நீ இனிமேல் தடுக்காதே.

இப்படிக்கு,
உனக்குத் தாய்மாமனும் அஞ்சலைக்குச் சித்தப்பாவுமான
மூன்றாம் வகுப்பு ஆறுமுகம்