முன்னால் நடந்தவளுக்கு

நேற்றுக் காலை ஒரு சுடிதார் பேன்ட் தையலுக்கு வந்தது. நீளம் குறைக்க வேண்டுமாம். ஓரத்தை மடிக்கப் போனபோது விரலில் சுருக்கென்றது. பார்த்தால் பேன்ட் கால் முழுக்க நாயுருவி முள். துவைத்தும் போகாமல் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தது. மெஷினை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாம் மலைக்குப் போகும் ஐப்பசி பிறந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூடவே உன் மேல் எரிச்சலும் வந்தது.

எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. ஒரு வாரமாகச் சென்னையிலிருந்து போன் வந்தபடி இருக்கிறது. "அக்கா, இந்த வருஷம் மலைக்கு எப்போ?" நீ ஆரம்பித்து வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாய். நான் "பாக்கலாம்மா" என்று தள்ளிக்கொண்டிருக்கிறேன். போன வருஷம் நீ இல்லாமல் தனியாக அவர்களைக் கூட்டிப் போய்வந்தேன். முட்டி வீங்கி ஒரு மாதம் மெஷினை மிதிக்க முடியவில்லை. வரவில்லை என்று சொன்னால் நீ ஆசை ஆசையாகச் சேர்த்த அந்த ஞாயிற்றுக்கிழமைகள் என்னோடு முடிந்துபோகும். வருகிறேன் என்று சொல்ல உடம்பில் தெம்பில்லை. எனக்கு அலுத்துவிட்டது, அதைச் சொல்லக்கூட உன்னை விட்டால் ஆளில்லை.

எல்லாம் உன் ஜெராக்ஸ் கடையில் தொடங்கியது. உத்திரமேரூர் கல்வெட்டைப் பார்க்க வந்த ஒரு சென்னைப் பெண், பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் உன் கடைக்கு வந்து, பக்கத்தில் நடந்து ஏறுகிற மாதிரி மலை ஏதாவது உண்டா என்று கேட்டாள். வேறு யாராக இருந்தாலும் வழி சொல்லி அனுப்பியிருப்பார்கள். நீயோ, "பழையசீவரத்துல கீது. ஞாயித்துக்கெழம வா, நானே இட்டுகினு போறேன்" என்றாய். பக்கத்துக் கடையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த என்னைக் காட்டி, "இவளும் வருவா" என்றாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஞாயிறு அவள் தன் ஆபீஸ் பிள்ளைகளோடும் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவோடும் மின்சார ரயிலில் வந்து இறங்கினாள். நாம் இரண்டு பேரும் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். மலைமேல் இருக்கும் பெருமாள் கோயிலில் புரட்டாசி சனிக்கிழமைக் கூட்டம் ஓய்ந்து, பெருமழை இன்னும் பிடிக்காத நாட்கள். வெயில் இருந்தும் சுடவில்லை. பாலாற்றில் மணலுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் ஓடியது. கோயில் படியை விட்டுவிட்டு, ஆடு ஓட்டுகிறவர்கள் போகும் பாறை வழியாக ஏறினோம். பிள்ளைகள் விறுவிறுவென்று போக, நாமும் அவர்கள் பின்னாலேயே போய்விட்டோம். மேலே போய்த்தான் டீச்சரம்மாவைக் காணவில்லை என்று தெரிந்தது. பதறிப்போய் இறங்கினால், பாதி வழியில் ஒரு பாறையில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். விழவில்லை, அடிபடவில்லை. "எல்லாரும் போய்ட்டீங்க" என்றார், அவ்வளவுதான்.

அங்கேயே நீ ஒரு சட்டம் போட்டாய். "இனிமே மொள்ள நடக்கறவங்கதான் முன்னாடி. அவங்களத் தாண்டி ஒருத்தரும் போவக்கூடாது. ஓடணும்னா மெட்ராஸ்லயே ஓடிக்கோங்க, பீச்சு அவ்ளோ பெருசா கீது." எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரம்மா உன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நம் நடை அப்படித்தான். யாருக்கு மூச்சு வாங்குமோ, யாருக்கு மூட்டு வலியோ, அவர் முன்னால். வழி காட்ட அவர் பக்கத்தில் நான். எல்லோருக்கும் கடைசியில் நீ. அங்கிருந்தே ஒவ்வொருவரையும் வம்புக்கு இழுப்பாய். "இன்னாடி, மாமியார் வூட்டுக்குப் போறாப்ல மூஞ்சத் தூக்கி வச்சிகினு நடக்கற?" என்று என் முதுகைப் பார்த்தே கேட்பாய். முதுகிலிருந்து மூஞ்சி எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சரியாகத்தான் சொல்வாய்.

நீ இருந்த கடைசி ஐப்பசியில், மலையடியில் நின்று திடீரென்று, "இன்னிக்கி நீ கடைசியா வா, நான் முன்னாடி போறேன்" என்றாய். எனக்குச் சந்தோஷம்தான். கடைசியில் வந்தால் யாரோடும் பேச வேண்டியதில்லை. "அக்கா இன்னிக்கு செம ஜோர்ல இருக்காங்க" என்றார்கள் பிள்ளைகள். கொஞ்ச தூரம் போய் நின்றாய். ஆவாரஞ்செடியைக் காட்டி, சர்க்கரைக்கு நல்லது, தலைக்குத் தேய்க்கலாம் என்று பெரிய பாடம் நடத்தினாய். எல்லோரும் போனில் படம் எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் ஏறி வேறொரு செடி. அதற்கு நீயாகவே ஒரு பெயர் வைத்தது எனக்குத் தெரியும். அதற்கடுத்த திருப்பத்தில் மறுபடியும் ஆவாரஞ்செடி, மறுபடியும் அதே பாடம். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மூச்சு வாங்கத்தான் நிற்கிறாய் என்பது கடைசியில் நின்ற எனக்கு அப்போது புரிந்துவிட்டது. அன்றைக்கு அந்த மலையில் எல்லோரையும்விட மெதுவாக நடந்தவள் நீதான், உன் சட்டப்படியே முன்னால் போய்விட்டாய்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஒடம்புக்கு முடியலன்னா ஏண்டி சொல்லல?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாய். "சும்மா கெட. எனக்கு முடியலன்னு தெரிஞ்சா, பாவம்னு வுட்டுட்டுப் போயிடுவாங்க. அப்பறம் ஞாயித்துக்கெழம வூட்ல குந்திகினு இன்னா பண்றது?"

அதற்கப்புறம் ஆஸ்பத்திரி, மாத்திரை. இதயம் பலவீனம் என்றார்கள். மாசிக்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. முன்பின் தெரியாத டீச்சரம்மாவுக்காகச் சட்டம் போட்டவளுக்கு, தனக்கென்று அதை வாய்விட்டுக் கேட்கத் தெரியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தீர்ந்தால் வெறும் துக்கம்தான் மிஞ்சும் என்று நானும் அதை விடாமல் வைத்திருக்கிறேன்.

இன்று சாயங்காலம் மறுபடி போன். உன் கடைக்கு வந்த அதே பெண். "பாக்கலாம்மா" என்பது வாய்வரை வந்துவிட்டது. என்ன நினைத்தேனோ, "எனக்கு முடியலம்மா. முட்டி போயிடுச்சி. மேல வரைக்கும் இனிமே என்னால வர முடியாது" என்று சொல்லிவிட்டேன். நீ பயந்தது சரிதான், என்னையும் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

"மேல வரைக்கும் போகணும்னு யாரு சொன்னா அக்கா?" என்றாள் அவள். "உங்களால எவ்ளோ தூரம் முடியுதோ அவ்ளோ தூரம் போவோம். ஆத்தங்கரையோட திரும்பினாலும் சரி. நாங்க வர்றோம்."

இவ்வளவுதானடி. கேட்டிருந்தால் உன்னிடமும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். போனை வைத்துவிட்டு, நீ போன அன்று அழாத அழுகையை அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அலுப்பெல்லாம் எங்கும் போய்விடவில்லை, அதையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன். நான்தான் முன்னால் நடப்பேன். முடியாத இடத்தில் நின்றுவிடுவேன். நிற்கும்போது செடி எதையும் காட்ட மாட்டேன்.