என் பங்குக்கு வந்த லாரி

மார்ச் 3

பங்கு பிரித்தாயிற்று. பெரியண்ணனுக்கு வீடு. சின்னண்ணனுக்குக் கடை. எனக்கு அப்பாவின் லாரி, அதுவும் ஓடாத லாரி. "ஸ்கூல் பஸ் ஓட்டுறவ நீதானே, உனக்குத்தான் பொருத்தம்" என்றான் பெரியண்ணன். அண்ணி சிரிப்பை இருமலாக்கினாள். நான் அழுவேன் என்று பார்த்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் வெங்காயம் நறுக்கும்போது கொஞ்சம் அழுதேன். அது வெங்காயத்தின் கணக்கில் போகட்டும்.

மார்ச் 5

வண்டி கடைக்குப் பின்னால் நிற்கிறது. மாதக் கடைசிக்குள் எடுக்காவிட்டால் பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுவானாம் சின்னண்ணன். "இழுத்துட்டுப் போக ஆள் அனுப்பட்டுமா?" என்று கரிசனம் வேறு. வேண்டாம் என்றேன். அது தானே ஓடித்தான் வெளியே வரும். அவன் கண் முன்னால்.

மார்ச் 8

சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்கிறது. கொஞ்சம் ஓடிவிட்டு இருமி நின்றுவிடுகிறது. மெக்கானிக்கை அழைத்து வந்தேன். மூக்கு நுனியில் கோபம் வைத்திருக்கும் மனிதர், அதனாலேயே எல்லோரும் வைத்த பெயர் 'பொறுமை'. "பம்பு போச்சு, இன்ஜின் தேஞ்சிருக்கு, வித்துடு" என்றார். அண்ணன்களின் வண்டி எல்லாம் அவரிடம்தான் வேலைக்குப் போகிறது. வேறு எப்படிச் சொல்வார்?

நானே அடியில் படுத்துப் பார்த்தேன். டேங்கிலிருந்து போகும் குழாய் முழுக்கத் துரு. தொட்டால் செதில் செதிலாக உதிர்கிறது.

"டீசல் ஒழுகலையே, குழாய் எப்படிக் கெட்டிருக்கும்?" என்றார் பொறுமை.

ஒழுகாதுதான். அது பம்பு உறிஞ்சுகிற பக்கம். ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஓட்டை ஸ்ட்ராவில் ஜூஸ் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மார்ச் 12

கேனில் டீசல் ஊற்றி, ரப்பர் குழாய் போட்டு நேரே பம்புக்குக் கொடுத்தேன். ஓடியது. நிற்கவே இல்லை, நான்தான் நிறுத்தினேன். இன்ஜின் தேய்ந்திருக்கிறதாம்!

சின்னண்ணன் கடையின் பின்வாசலில் நின்று, "கேனை மடியில வச்சுக்கிட்டா லோடு அடிக்கப் போற?" என்றான்.

மார்ச் 15

ஞாயிறு. என் வீட்டுக்காரரும் வந்தார். அவர் தையல்காரர். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது, அளவெடுக்கத் தெரியும். பழைய குழாய் வளைந்து போகிற வழியெல்லாம் கட்டுக்கம்பியை வளைத்து மாதிரி எடுத்துக்கொண்டார்.

"உங்க அண்ணனுக்குச் சட்டை அளவு எடுக்கிறதவிட இது சுலபம். இது மூச்சை இழுத்துப் பிடிச்சுத் தொப்பையை மறைக்காது" என்றார். வண்டிக்கு அடியில் படுத்தபடி சிரித்ததில் துருவெல்லாம் வாயில் விழுந்தது.

நட்டுகள் அசையவில்லை. எண்ணெய் விட்டேன், திட்டினேன், மறுபடி விட்டேன். விரல் முட்டியில் தோல் போனது. பரவாயில்லை.

மார்ச் 21

ச்சே.

டீசல் போகிற குழாய், திரும்பி வருகிற குழாய், இரண்டும் புதிதாக மாட்டியாயிற்று. கைப்பம்பை அடித்துக் காற்றையும் எடுத்தேன். ஸ்டார்ட் ஆனது. ரெண்டு அண்ணனும் வந்து நின்னாங்க. உடனே நின்னுபோச்சு. அந்த நேரம் பாத்தா நிக்கணும்! சின்னவன் கை தட்டினான். பெரியவன், "பொம்பளைக்கு எதுக்கு இந்த வீம்பு?" என்றான்.

சொல்லிட்டேன் — "வீம்புதான். உங்ககிட்டேருந்து எனக்கு வேற என்ன மிச்சம்? வீடா, கடையா?"

ஸ்பேனர்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

மார்ச் 23

எங்கே காற்று புகுகிறது? குழாய் புதிது, டேங்கில் டீசல் இருக்கிறது. காலையில் பஸ்ஸில் பிள்ளைகள் போட்ட கூச்சலுக்கு நடுவே சட்டென்று உறைத்தது. வாஷர்! குழாய் முனையை இறுக்கும் போல்ட்டுகளின் செம்பு வாஷரைப் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று பழையதையே போட்டுவிட்டேன். ஒருமுறை நசுங்கிய செம்பு மறுபடி ஒழுங்காக அடைக்குமா? பொறுமை மேல் பழி போட வழியில்லை. இது முழுக்க என் கஞ்சத்தனம்.

மார்ச் 24

ஓடுகிறது. ஓடுகிறது. ஓடிக்கொண்டே இருக்கிறது!

மார்ச் 29

வெளியே எடுக்கப் போனால், வாசலை மறித்துச் சின்னண்ணன் தன் வேனை நிறுத்தியிருந்தான். "சாவியைக் காணோம்" என்றான். நான் ஹார்னில் கையை வைத்து எடுக்காமல் இருந்தேன். கடைக்கு வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியேறினார்கள். சாவி கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 2

பொறுமை வழியில் நிறுத்தி, "வாஷரைப் புதுசாப் போட்டியாம்மா?" என்று கேட்டார். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 19

சின்னண்ணன் வீட்டுக்கு வந்தான். எங்கள் வீட்டில் அவன் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. தெருவில் நிற்கும் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், "அப்பா வண்டி, குடும்பத்துல இருக்கட்டும். எங்ககிட்டயே குடுத்துடு, கடையில உனக்கு ஒரு பங்கு எழுதறேன்" என்றான்.

"அப்பா வண்டியை நீங்க போன மாசமே இரும்புக்குப் போட்டுட்டீங்கண்ணே. வெளிய நிக்கிறது என்னோடது."

டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனான். விடியற்காலையில் சந்தைக்கு லோடு இருக்கிறது. படுக்க வேண்டும்.